அப்பா வாங்கி வந்த ஷூ எப்போதும் சின்னதாகவே இருந்தது

கேள்வி: எங்கள் ஊர் வேலூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா 1970-ல் ராணுவத்தில் சேர்ந்தார். ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருஷம் இருந்துவிட்டு 1994-ல் ஹவில்தாராக ரிடையர் ஆனார். எட்டு மாதத்துக்கு முன் 73 வயதில், மாரடைப்பில் போய்விட்டார். ஊரே திரண்டு வந்தது. கடைசி 30 வருஷமும் அவர் ஊருக்காகத்தான் இருந்தார். கெட்டுப்போன கைப்பம்பைப் பிரித்து மாட்டுவார். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஓடைமேல் பலகைப் பாலம் போட்டார். விடிவதற்கு முன்னே ஏரிக்கரையில் ஊர்ப் பையன்களை ஓடவிட்டுப் பழக்கினார். அவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று பட்டாளத்தில் இருக்கிறார்கள்.

வருஷத் திதிக்கு நினைவு மலர் போடப் போகிறோம். நான் தமிழாசிரியை என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. எனக்குப் பதினைந்து வயது ஆகும்வரை அப்பா என்றால் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர், அவ்வளவுதான். சின்ன வயதில் அவரை 'மாமா' என்று கூப்பிட்டு ஆயா பின்னால் ஒளிந்துகொள்வேனாம். லீவு முடிந்து கிளம்பும்போது என் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துப் போவார். அடுத்த லீவில் கொண்டுவரும் ஷூ எப்போதும் சின்னதாகவே இருக்கும். 71 பாகிஸ்தான் சண்டையில் எங்கே இருந்தார் என்று தெரியாது. இலங்கைக்குப் போனது தெரியும், ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. டிவியில் அந்தச் செய்தி வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். தினமும் பையன்களோடு ஓடியவர் என்னோடு ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம்வரை நடந்து வந்ததில்லை.

அவர் இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவோடு ஒரே யூனிட்டில் இருந்த ஒரு பெரியவர் குடியாத்தத்திலிருந்து வந்து, ஒரு சல்யூட் அடித்துவிட்டு, யாரோடும் பேசாமல் போனார். அவருக்குத் தெரிந்த அளவுகூட எனக்கு அப்பாவைத் தெரியாது. 'நல்லதை மட்டும் எழுது' என்கிறார் அண்ணன். எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஷூவைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். மலரை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அந்தக் காகிதம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று பாருங்கள். காட்பாடியில் ரயிலேறி, சட்டைப் பையிலோ டிரங்குப் பெட்டியின் மூடிக்குள்ளோ இருந்து, எந்த மலைக்கோ எந்தப் பாலைவனத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். பத்து மாதம் கழித்து ஏதோ ஒரு ஊர்க் கடைவீதியில் ஒரு மனிதர் அதை விரித்து, கடைக்காரர் எடுத்துக் காட்டும் ஷூவின் அடியில் வைத்து அளந்திருப்பார். அந்த வேளையில் உங்கள் கால் இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. அவர் கையில் இருந்தது போன வருஷத்து மகள். சின்னதாய்ப் போன அந்த ஷூவைப் போடச் சொல்லி உங்கள் காலை அழுத்திப் பார்த்தாரா, பேசாமல் பெட்டியில் திருப்பி வைத்தாரா, யாருக்குக் கொடுத்தீர்கள், இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுதுங்கள். உங்கள் அண்ணனால் இதை எழுத முடியாது. ஏரிக்கரைப் பையன்களாலும் முடியாது.

அழுகை வராததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது உங்களைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டத்து ராணுவக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் நான். பட்டாளத்துக்காரரின் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்பாவை ஒருமுறை இழந்தவர்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் ரயில் பின்னாலேயே ஓடி அழுவார்கள். பிறகு கையை மட்டும் ஆட்டுவார்கள். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்கே வர மாட்டார்கள். இருந்தும் இல்லாமல் இருக்கும் ஒருவரைப் பற்றிய இந்தத் துக்கத்தை, அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பழகித்தான் புரிந்துகொண்டார். முடிவு தெரியாத இழப்பு மனதை உறைய வைத்துவிடுகிறது என்றார். உங்கள் அப்பா காணாமல் போனவர் அல்லர், வருஷா வருஷம் திரும்பி வந்தவர். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வித்தியாசம் எத்தனை பெரிது? 2024-ன் அழுகையில் பெரும்பங்கை நீங்கள் 1980-களிலேயே அழுதுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மிச்சம் வரும்போது வரும். திதியன்று வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தகுதி பற்றிய கேள்விக்கு, உங்கள் ஊர்ப்பக்கத்து இரண்டு கல்லைக் காட்டுகிறேன்.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறதே, அதன் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று சொல்கிறது. அவ்வளவுதான். ஒரு பெயர் இல்லை. காய்கறி மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நின்று நான் பலமுறை அதைப் படித்திருக்கிறேன். அந்தப் பதினான்கு பேருக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள். நம் கைக்கு வந்தது எண்ணிக்கை மட்டும்.

இன்னொன்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல். மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல். அவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷம் ஆகிறது. அந்த நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

உங்கள் அண்ணன் ஃபிளெக்ஸ் கடையில் சொல்லி வைத்திருக்கும் வாசகம் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். தேசத்தின் காவலர், குடும்பத்தின் குலவிளக்கு. அன்பில்தான் வைக்கிறார், வைக்கட்டும். ஆனால் பெயரை மாற்றிவிட்டால் எந்த ஹவில்தாருக்கும் அது பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு மட்டும் பொருந்துவதைத் தேடி எழுதுவதுதான் உங்கள் வேலை. அதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாததில் பாதியை இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எங்கே கேட்பது? மெடல் வரிசையை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். பெரும்பாலான மெடல்களின் விளிம்பில் அவருடைய நம்பரும் ரேங்கும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அது வாங்கிய நாளில் அவர் என்ன ரேங்கில் இருந்தார் என்றுகூடத் தெரியும். பூர்வி ஸ்டார் இருந்தால் 1971-ல் கிழக்கே, இன்றைய பங்களாதேஷ் பக்கம் இருந்தார். பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கே. கிழக்கே என்றால் ஆற்றுக்கு ஆறு பாலம் போட்டது சாப்பர்கள்தான். மேற்கே, சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில், நம் டாங்கிகள் போவதற்காகக் கண்ணிவெடி வயலுக்குள் முதலில் இறங்கி வழி திறந்ததும் சாப்பர்கள்தான். உங்கள் அப்பா அங்கே இருந்தார் என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். எந்தப் பக்கம் இருந்தார் என்பதற்கு மெடல் சாட்சி சொல்லும், எந்த இடத்தில் என்பதை ஆளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சைன்ய சேவா மெடல் இருந்தால் அதன் ரிப்பனில் குறுக்குப் பட்டை இருக்கும். ஹிமாலயா, ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்று அதில் இடத்தின் பெயர் இருக்கும். இந்திய வரைபடம் ஒன்றை விரித்து, பட்டைக்கு ஒரு புள்ளி வையுங்கள். நீங்கள் ஊரில் இருந்த வருஷங்களில் அவர் எந்தெந்தப் பக்கம் இருந்தார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது டிஸ்சார்ஜ் புத்தகம். சேர்ந்த தேதி, டிரேடு, நன்னடத்தை எல்லாம் அதில் உண்டு. சாப்பர் ஒவ்வொருவருக்கும் ஒரு டிரேடு இருக்கும், தச்சு, பிளம்பிங், வெல்டிங் என்று. உங்கள் அப்பாவின் டிரேடைப் பார்த்துவிட்டு, கைப்பம்பையும் பலகைப் பாலத்தையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். அதில் இல்லாத விவரத்துக்குப் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீசுக்கு அவருடைய ஆர்மி நம்பரைப் போட்டு அம்மா கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள். அங்கே போகும் நாளிலேயே, அம்மாவின் பெயர் பென்ஷன் ஆர்டரிலும் ஆதாரிலும் பேங்க் புத்தகத்திலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஃபேமிலி பென்ஷனுக்கு அலைய வைக்கும்.

இலங்கை விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பது தெரிகிறது. 1987-லிருந்து 1990 வரை இந்திய அமைதிப்படையில் அங்கே போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்டதும் சொல்லி முடியாதது. வடநாட்டு வீரருக்குப் புரியாத ஒன்று நம் ஊர் ஆட்களுக்குப் புரிந்தது, பாஷை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது உள்ளே கிழவி என்ன சொல்லி அழுகிறாள் என்று இவர்களுக்குத் தெரியும். சுடுகிறவன் திட்டுவதும் தெரியும். கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது மாநில முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம், பலருக்கு அது நியாயமாகவும் பட்டது. எனக்கு அதில் வழக்கு இல்லை. திரும்பி வந்தவருக்கு அதைச் சொல்ல ஒரு திண்ணை இல்லாமல் போனது என்பதை மட்டும் பார்க்கிறேன். சண்டையில் ஜெயித்து வந்தால் கதை கேட்க ஊர் கூடும். இதை யார் கேட்பார்கள்? பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா, பத்து வயது மகளிடம் சொல்ல முடியுமா?

அதனால், அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் ஊகித்து நிரப்ப வேண்டாம். தியாகம் என்றும் எழுத வேண்டாம், குற்ற உணர்ச்சி என்றும் எழுத வேண்டாம். 'அந்தச் செய்தி வந்தால் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்' என்று எனக்கு எழுதினீர்களே, அந்த வாக்கியத்தை அப்படியே வையுங்கள். தோட்டத்தில் என்ன செய்வார் என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். வாழைக்குத் தண்ணீர் திருப்புவாரா, சும்மா நிற்பாரா? அவரோடு போய்த் திரும்பியவர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால் அந்த ஒரு வரியில் நின்றுவிடுவார்கள்.

அம்மாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மறந்திருக்க மாட்டீர்கள், பக்கத்திலேயே இருப்பவரைப் பற்றி எழுதத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். 24 வருஷக் கதையில் இந்த ஊர்ப் பாதி அவரிடம்தான் இருக்கிறது. மணியார்டர் எந்தத் தேதியில் வரும், தபால்காரர் எவ்வளவு எடுத்துக்கொள்வார், வராத மாதம் யாரிடம் கைமாற்று வாங்கினார், மாமியாரோடு எப்படிக் காலம் தள்ளினார், இதையெல்லாம் கேளுங்கள். கடிதத்தைப் பற்றியும் கேளுங்கள். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தால் அந்தக் காலத்தில் அது ஒருவருக்கு வந்த கடிதமாக இருந்ததே இல்லை. யாராவது படித்தவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மாமனார் கேட்பார், பங்காளி கேட்பான், பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அத்தனை பேர் நடுவில் ஒரு புருஷன் தன் மனைவிக்கு என்ன எழுதிவிட முடியும்? 'இங்கு நான் நலம், அங்கு அனைவரும் நலமறிய ஆவல். மாடு கன்று போட்டதா?' மகளுக்கு என்ன எழுத முடியும்? 'பாப்பா நன்றாகப் படிக்கிறதா?' என்னிடம் பேசிய ஒரு அம்மா சொன்னார், அவர் வீட்டுக்காரர் எப்போதும் கடைசி வரியில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்பாராம். கல்யாணமான புதிதில் இருவரும் பேசிக்கொண்ட இடம் அந்தக் கிணற்றடிதான். உரக்கப் படித்தவருக்கு அது விளங்கவில்லை, அந்த அம்மாவுக்கு விளங்கியது. உங்கள் அம்மாவிடமும் அப்படி ஒரு கிணறு இருக்கலாம். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போடுவது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பது, இதெல்லாம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிடாமல் சுருண்டே கிடக்கிறார், 'நானும் போய்விடுகிறேன்' என்கிறார் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அதே எண்தான்.

இனி, ஏரிக்கரை. அதுதான் உங்களுக்கு உண்மையில் வலிக்கிற இடம், கடிதத்தில் அங்கே வந்ததும் எழுத்தே மாறியிருக்கிறது. அதைப் பொறாமை என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அப்பா வீட்டுக்கு வந்தபோது உங்களுக்குப் பதினைந்து வயது. சமைந்த பெண். 1994-ல் உங்கள் ஊர்த் தெருவில் எந்த அப்பாவாவது பதினைந்து வயது மகளோடு பேசிக்கொண்டே பள்ளிக்கூடம்வரை நடந்தாரா? பெண் பிள்ளையோடு நடக்க வேண்டிய பருவமெல்லாம் அவர் பார்டரில் இருக்கும்போதே முடிந்துவிட்டது. பையன்கள் விஷயம் அவருக்குக் கைவந்த கலை. விசில் ஊது, வரிசையில் நிறுத்து, 1,600 மீட்டர் ஓடவிடு, கடைசியில் வருகிறவனுக்குக் கூடுதலாக ஒரு சுற்று. அதில் அவருக்கு 24 வருஷப் பயிற்சி. மகளோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எந்தக் கேம்பிலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இப்படிச் சொல்வதால் உங்கள் மனக்குறை இல்லையென்று ஆகிவிடாது. அவர் முயன்றிருக்கலாம், முயலவில்லை. அதை மலரிலேயே எழுதலாம் என்பது என் கருத்து. 'நல்லதை மட்டும் எழுது' என்று அண்ணன் சொல்வதன் பயம் எனக்குப் புரிகிறது, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்பதுதான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், அப்பா இல்லாத நாட்களை மறைக்கவும் மாட்டேன். அந்த இருபது பையன்களுக்கும் பெண் பிள்ளைகள் பிறந்திருக்கும், பிறக்கும். லடாக்கிலோ மணிப்பூரிலோ பங்கரில் உட்கார்ந்து செல்போனில் ஒருவன் இதைப் படித்தால், அன்று ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மகளிடம் இன்னும் ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பேசுவான். உங்கள் அப்பா அவனுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தார். இதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அண்ணன் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சண்டை வேண்டாம். மலருக்கு ஒரு பிரதி எழுதுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு முழுப் பிரதி ஒன்று எழுதி வையுங்கள்.

அந்தப் பையன்களிடம் ஆளுக்கு ஒரு சம்பவம் வாட்ஸப்பில் குரலாகவே அனுப்பச் சொல்லுங்கள். 'சார் மாதிரி ஒருவர் இல்லை' என்று அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்த நாள், என்ன திட்டு, ஓட்டத்துக்கு அப்புறம் குடிக்க என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். பலகைப் பாலத்துக்கு மரம் எங்கிருந்து வந்தது, யார் யார் கைகொடுத்தார்கள், இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் யாராவது சொல்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் குடியாத்தம் போய்விட்டு வாருங்கள். திதிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அச்சகம் காத்திருக்கும். அந்தப் பெரியவருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். சல்யூட் அடித்துவிட்டுப் பேசாமல் போனவர் பேச ஒன்றும் இல்லாமல் போயிருக்க மாட்டார். போகும்போது மெடல் வரிசையையும் பழைய குரூப் ஃபோட்டோவையும் எடுத்துப் போங்கள். நோட்டை முதலிலேயே விரிக்காதீர்கள். துண்டு துண்டாகக் கோத்துப் போடும் ராணுவ இரும்புப் பாலமான பெய்லி பாலத்தை எப்படிப் போடுவீர்கள் என்று ஆரம்பியுங்கள். அதன் ஒரு பேனல் பத்தடி நீளம், சுமார் 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அந்த ஆறு பேரில் அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று கேளுங்கள். நேரம் இருந்தால், பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: லீவுக்கு முந்தின வாரம், கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அப்பா கடைவீதிக்குப் போவாரா, கூட யார் போவார்கள் என்று.